பிரைம்95: பகா எண் தேட வந்த மென்பொருள், பழைய பெட்டிக்கு வைக்கும் பரீட்சை

தண்டையார்பேட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அகஸ்தியா தியேட்டர் இருந்ததே, அந்தப் பக்கம். எம்.சி. ரோடு ஜவுளிக்கடையின் பில்லிங் மெஷின், பாரிமுனை கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் பத்து வருஷம் உழைத்த டெஸ்க்டாப், காசிமேட்டுப் பையன்களின் கேமிங் பி.சி. எல்லாம் என் மேசைக்கு வரும். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சொல்வது இதுதான்: "நல்லாத்தான்க்கா ஓடிக்கினு இருந்துச்சு, திடீர்னு ஆஃப் ஆயிடுச்சு." அந்த "நல்லாத்தான்" எவ்வளவு தூரம் உண்மை என்று பார்க்க நான் நம்புவது பிரைம்95 என்ற மென்பொருளை. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, பார்க்க லட்சணமும் கிடையாது.

இதைப் பற்றிப் பேசுகிற யூடியூப் தம்பிகள் "சி.பி.யு.வைச் சூடாக்குற சாஃப்ட்வேர்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். சூடாக்க இது எதற்கு? சித்திரை மாசத்தில் கடை ஷட்டரைப் பாதி இறக்கி வைத்தாலே போதும். இதன் அருமை வேறு. மெஷின் தப்பாகக் கணக்குப் போட்டால், அது தப்பு என்று இதற்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்ல, இது எந்தக் கணக்குக்காக எழுதப்பட்டதோ அதற்குள் கொஞ்சம் போகவேண்டும். நான் படித்தது பி.எஸ்சி. கணிதம்; ஸ்க்ரூடிரைவர் பிடித்தது அதற்கப்புறம். கணக்கு வேண்டாம் என்கிறவர்கள் நேராக ஹீட்சிங்க் (சி.பி.யு.வின் சூட்டை இழுக்கும் உலோகத் துண்டு) வரும் இடத்துக்குப் போய்விடலாம்.

1996இல் ஜார்ஜ் வோல்ட்மன் என்ற அமெரிக்க நிரலாளர் ஜிம்ப்ஸ் என்ற கூட்டு முயற்சியைத் தொடங்கினார். ஊர் உலகத்தில் சும்மா கிடக்கிற கம்ப்யூட்டர்களின் மிச்ச நேரத்தைச் சேர்த்து மெர்சென் பகா எண்களைத் தேடுவது அதன் வேலை. 2ஐ 2ஆல் பெருக்கிக்கொண்டே போய்க் கடைசியில் 1 கழித்தால் மெர்சென் எண்: 3, 7, 15, 31, 63, 127 என்று போகும். அதில் பகா எண்கள் அபூர்வம். 2024 அக்டோபர் நிலவரப்படி உலகத்துக்குத் தெரிந்தவை 52. அதில் 18 ஜிம்ப்ஸ் கண்டுபிடித்தவை, 28 வருஷத்தில். அந்தத் தேடலுக்கு வோல்ட்மன் எழுதிய நிரல்தான் பிரைம்95.

அந்த 52ஆவது எண் 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1. முழுசாக எழுதினால் 4,10,24,320 இலக்கம். விநாடிக்கு ஒரு இலக்கம் என்று தூங்காமல் கொள்ளாமல் வாசித்தாலும் 474 நாள் போய்விடும். கிராபிக்ஸ் சிப் கம்பெனியான என்விடியாவில் முன்பு வேலை பார்த்த லூக் டுராண்ட் என்பவர் 17 நாடுகளில் இருக்கும் டேட்டா சென்டர்களில் கிராபிக்ஸ் சிப்புகளை வாடகைக்கு எடுத்துத் தேடினார். 2024 அக்டோபர் 11 அன்று அயர்லாந்தின் டப்ளினில் இருந்த ஒரு ஏ100 சிப் "இது அநேகமாகப் பகா எண்" என்றது. பிறகு அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் ஒரு எச்100 சிப் வேறு முறையில் சோதித்து உறுதி செய்தது. அக்டோபர் 21இல் அறிவித்தார்கள்.

இவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் கம்ப்யூட்டருக்குள் இதைவிட எளிமையான உருவம் கிடையாது. பைனரியில் வெறும் 1. ஒரு இடத்தில்கூட 0 கிடையாது. 13 கோடியே 62 லட்சத்துச் சொச்சம் ஒன்றுகள் வரிசையாக நிற்கும். மொத்தமே 17 எம்.பி. காலையில் வாட்ஸ்அப்பில் வருகிற குட்மார்னிங் வீடியோ ஒன்றிரண்டின் அளவு. கடைசி இரண்டு இலக்கம் என்ன என்று கேட்டால் கால்குலேட்டர்கூட வேண்டாம். 2இன் அடுக்குகளின் கடைசி இரண்டு இலக்கம் 20 படிக்கு ஒருமுறை திரும்ப வரும். 13,62,79,841ஐ 20ஆல் வகுத்தால் மீதி 1. 2இன் 21ஆவது அடுக்கு 20,97,152. ஆக 52இல் முடியும், 1 கழித்தால் 51. நாலு கோடி இலக்கத்தின் வாலைக் கையாலேயே பிடித்தாயிற்று.

அடுக்கு பகா எண்ணாக இருந்தால்தான் மெர்சென் எண் பகா எண்ணாக இருக்க வாய்ப்பே உண்டு. ஆனால் அது மட்டும் போதாது. 11 பகா எண்தான்; 2¹¹ − 1 = 2047, அது 23 × 89. இந்த 23ஐயும் 89ஐயும் கவனியுங்கள். 22இன் மடங்கோடு 1 கூட்டியவை இரண்டும்: 22 + 1, 88 + 1. தற்செயல் இல்லை. அடுக்கு எதுவோ அதன் இருமடங்கின் மடங்கோடு 1 கூட்டிய எண்தான் காரணியாக வரமுடியும். அப்படிப் பார்த்தால், சாதனை எண்ணை, அதாவது அந்த 52ஆவது எண்ணை, 27 கோடிக்குக் கீழே இருக்கிற எதனாலும் வகுக்க முடியாது என்று ஒரு சோதனையும் செய்யாமலே சொல்லிவிடலாம். முதல் வேட்பாளரே 27,25,59,683தான். பிரைம்95 தன் வேலையைத் தொடங்குவதும் இங்கேதான். பெரிய சோதனைக்குப் போகுமுன் இப்படிப்பட்ட சின்னக் காரணி ஏதாவது மாட்டுகிறதா என்று சலித்துப் பார்க்கும். மாட்டினால் அந்த அடுக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

சலித்த பிறகு மிஞ்சுகிறவற்றுக்கு லூகாஸ்–லேமர் சோதனை. இதன் அழகுக்காகவே இந்த மென்பொருளுக்கு ஒரு மார்க் கூடப் போடுவேன். 4இல் ஆரம்பி. வர்க்கப்படுத்து, 2 கழி, மெர்சென் எண்ணால் வகுத்து மீதியை எடு. திரும்பவும் அதையே செய். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை செய்த பிறகு சரியாக 0 வந்தால் பகா எண். 127க்கு, அதாவது அடுக்கு 7க்கு, காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 4, பிறகு 14, பிறகு 194இல் 127 போக 67, பிறகு 42, 111, கடைசியில் 0. ஐந்தே படி. முழுக் கணக்கும் பஸ் டிக்கெட் முதுகில் அடங்கும்.

இப்போது நடுவில் ஒரு பிட் தப்பட்டும். 67 பைனரியில் 1000011. கடைசி 1 மட்டும் 0 ஆகிவிட்டது, 66 ஆகிவிட்டது என்று வையுங்கள். அடுத்தது 36, அடுத்தது 24, கடைசியில் 66. சைபர் வரவில்லை, 127 பகா எண்ணே இல்லை என்று தீர்ப்பு. ஒரு பிட், தீர்ப்பே தலைகீழ். ஐந்து படிக் கணக்கில் இந்தக் கதி. சாதனை எண்ணுக்கு 13 கோடியே 62 லட்சத்துக்கு மேல் படி, ஒவ்வொரு படியிலும் 17 எம்.பி. எண்ணை வர்க்கப்படுத்த வேண்டும். எங்கோ ஒரு ரேம் செல் ஒரே ஒரு முறை தடுக்கினாலும் மொத்தமும் குப்பை. சினிமா பார்க்கும்போது ஒரு பிட் தப்பினால் திரையில் ஒரு புள்ளி நிறம் மாறும், யார் கண்ணிலும் படாது. இங்கே தப்பிக்க வழியே கிடையாது.

இந்தச் சோதனைக்கு இன்னொரு விசித்திரம். பகா எண் இல்லை என்று சொல்லும், காரணி என்ன என்று சொல்லாது. 1644இல் மெர்சென் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் போட்ட பட்டியலில் 67ஆவது அடுக்கு இருந்தது. 1876இல் லூகாஸ் அது பகா எண் இல்லை என்று காட்டினார், காரணியைக் காட்டாமலே. 1903இல்தான் கோல் என்ற அமெரிக்கர் அதைப் பிரித்தார்: 19,37,07,721 × 7,61,83,82,57,287. சபையில் ஒரு வார்த்தை பேசாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார் என்று சொல்வார்கள். இது மென்பொருள் விமர்சனத்துக்குத் தேவையில்லைதான். சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை.

சரி, ஹீட்சிங்க்குக்கு வருவோம்.

பிரைம்95ஐத் திறந்ததும் இரண்டு வழி காட்டும். ஒன்று, ஜிம்ப்ஸில் சேர்ந்து உண்மையான தேடலில் இறங்குவது. இன்னொன்று, சும்மா மெஷினைச் சோதிப்பது. மெக்கானிக் இரண்டாவதை அமுக்குவான். அதற்கு "டார்ச்சர் டெஸ்ட்" என்றே பெயர். ஏற்கனவே விடை தெரிந்த கணக்குகளை உங்கள் மெஷினிடம் கொடுத்துப் போடச் சொல்லி, வந்த விடையைத் தன்னிடம் இருக்கிற விடையோடு ஒப்பிடும். நடுவிலும் ஒரு காவல் உண்டு. அவ்வளவு பெரிய எண்ணை நேராகப் பெருக்க முடியாது என்பதால் அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஃபூரியர் உருமாற்றம் என்ற வழியில் பெருக்குவார்கள். சாதனை எண் அளவுக்கு என்றால் துண்டுக்கு 18, 19 பிட் வீதம் எழுபது லட்சம் துண்டுக்கு மேல் வரும். இந்தப் பெருக்கலில் தசமப் புள்ளி எண்கள் புகுந்து வெளியே வரும். கடைசியில் ஒவ்வொரு துண்டும் முழு எண்ணுக்கு ஒட்டி வந்து நிற்கவேண்டும். எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பிரைம்95 அளக்கும். 0.4ஐத் தாண்டினால் சந்தேகம். "ரவுண்டிங் 0.5, 0.4க்குள் இருந்திருக்க வேண்டும்" என்ற அர்த்தத்தில் ஒரு வரியை எழுதிவிட்டு அந்தக் கணக்கைப் போட்ட சி.பி.யு. கோரின் வேலையை நிறுத்திவிடும். மெஷின் உறையாது, நீலத்திரை வராது, பாட்டுகூட ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் கணக்கு தப்பு. வாடிக்கையாளருக்கு இதைக் காட்டும்போதுதான் முகம் மாறும். "அப்போ என் பில்லிங்லயும் இப்பிடித்தான் தப்பு வருமாக்கா?" என்று ஒரு ஜவுளிக்கடை அண்ணன் கேட்டார். வரலாம் என்றேன். அன்றைக்கே புது ரேம் வாங்கிவிட்டார்.

எங்கள் பக்கத்துப் பெட்டிகளுக்கு இந்தச் சோதனை கூடுதலாகவே தேவை. காசிமேட்டுக் காற்றில் உப்பு. ஹீட்சிங்க் ஸ்க்ரூவில் தொடங்கி ரேம் கால்கள் வரை அரிப்பு பிடிக்கும். நெடுஞ்சாலையில் நாள் முழுக்கக் கன்டெய்னர் லாரி. ஃபேனைக் கழற்றினால் கருப்புக் கம்பளி மாதிரித் தூசி வரும். கோடை ராத்திரியில் தெருவே ஏ.சி. போட்டால் வோல்டேஜ் இறங்கும். பெட்டி வந்ததும் முதலில் தூசி ஊதி, சி.பி.யு.வுக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் இருக்கும் பழைய பேஸ்ட்டைச் சுரண்டிப் புதுசு வைத்து, ரேமின் தங்கக் கால்களை ரப்பரால் துடைத்துப் போட்ட பிறகுதான் பிரைம்95. நேராக ஓட்டுவது பாவம்.

எந்தச் சோதனை எதைக் காட்டும் என்று பழக்கத்தில் தெரிந்துவிடும். சின்ன துண்டு சோதனையில் கணக்கு முழுக்க சி.பி.யு.வின் கேஷ் என்ற உள் நினைவகத்துக்குள்ளேயே சுற்றும்; சூடு இதில்தான் உச்சத்துக்குப் போகும். இதில் சில நிமிஷத்தில் பிழை வந்தால் பேஸ்ட்டையோ, யாராவது ஓவர்கிளாக் செய்து சிப்பின் வேகத்தை ஏற்றியிருக்கிறார்களா என்பதையோ பார்ப்பேன். "பிளெண்ட்" என்று ஒன்று இருக்கிறது, அது ரேமையும் சேர்த்துப் பிழியும். மணிக்கணக்கில் நன்றாக ஓடி விடிகாலையில் பிழை வந்தால் என் கை தானாக ரேம் ஸ்லாட்டுக்குப் போகும். பிழை வரி எதுவுமே இல்லாமல் பெட்டியே படக்கென்று அணைந்தால் மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்., அல்லது சூடு எல்லை மீறி போர்டு தானே அணைத்துக்கொண்டது. இரண்டில் எது என்று தெரிய, பக்கத்தில் வெப்பநிலை காட்டும் மென்பொருள் ஒன்றையும் ஓடவிடுங்கள். லேப்டாப்பில் சின்ன துண்டு சோதனையை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். அதைத் தாங்குவதற்கு அந்த ஃபேன் செய்யப்படவில்லை.

கடைக்கு வரும் பெட்டிகள் மட்டும் அல்ல, சிப் கம்பெனிகளே இந்தப் பகா எண்களிடம் மாட்டியிருக்கின்றன. 2016 ஜனவரியில் இன்டெலின் ஸ்கைலேக் சிப்புகள் ஒரு குறிப்பிட்ட கணக்கில் உறைந்துபோவதைப் பிரைம்95 ஓட்டியவர்கள் கண்டுபிடித்தார்கள். அடுக்கு 1,49,42,209ஐச் சோதிக்கும்போது. இன்டெல் ஒப்புக்கொண்டு பயாஸ் என்ற போர்டின் அடிப்படை மென்பொருள் வழியாகத் திருத்தம் கொடுத்தது. அதற்கு முன்னால் 1994இல் தாமஸ் நைஸ்லி என்ற பேராசிரியர் இரட்டைப் பகா எண்களின் (2 வித்தியாசத்தில் வரும் ஜோடிகள்) தலைகீழிகளை, அதாவது 1ஐ அந்த எண்களால் வகுத்து வருவதை, கூட்டிக்கொண்டிருந்தபோதுதான் பென்டியம் சிப்பின் வகுத்தல் தப்பு வெளியே வந்தது. தடுக்கிய இடம் 8,24,63,37,02,441. சிப்புகளை மாற்றிக் கொடுக்க இன்டெல் ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். பகா எண்ணால் என்ன லாபம் என்று கேட்கிற மாமாக்களுக்கு நான் சொல்லும் பதில் இந்த இரண்டு கதையும்தான்.

முதல் வழிக்கு, அதாவது உண்மையான தேடலுக்கு வருகிறேன். இதையும் கடையின் மூலையில் ஒரு மெஷினில் ஓடவிட்டிருக்கிறேன். சர்வர் ஒரு அடுக்கைக் கொடுக்கும், நம் மெஷின் வேலை செய்து விடையைத் திருப்பி அனுப்பும். நாம் வேறு வேலை செய்தால் இது ஒதுங்கிக்கொள்ளும். டேலி ஓடுகிற மெஷினில்கூட இடைஞ்சல் தெரியாது. அரை மணிக்கு ஒருமுறை வேலையைச் சேமித்து வைக்கும், ஆகவே கரண்ட் போனால் அரை மணி நேர வேலைதான் போகும். லேப்டாப் பேட்டரியில் ஓடினால் நிறுத்திக்கொள், குறிப்பிட்ட மென்பொருள் திறந்திருந்தால் நிறுத்திக்கொள் என்றெல்லாம் சொல்லி வைக்கலாம்.

நடுவில் பிட் தப்பினால் எல்லாம் குப்பை என்றேனே, அதற்கு ஒரு வைத்தியம் வந்துவிட்டது. முன்பு லூகாஸ்–லேமர் சோதனையை இரண்டு வெவ்வேறு மெஷினில் ஓட்டி, கடைசி விடையின் வால் பகுதி ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். ஒத்துப்போகவில்லை என்றால் மூன்றாவது மெஷின். எவ்வளவு மின்சாரம் வீண்! 2018 வாக்கிலிருந்து முதல் சோதனைக்கு வேறு முறை: 3இல் தொடங்கி வர்க்கப்படுத்திக்கொண்டே போவது. ராபர்ட் ஜெர்பிச் என்பவர் அதற்கு ஒரு சரிபார்ப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். ஆயிரம் படிக்கு ஒரு முறை வருகிற எண்களை ஒன்றோடொன்று பெருக்கித் தனியாக ஒரு கணக்கு வைத்துக்கொள். அந்தப் பெருக்குத்தொகையை ஆயிரம் தடவை வர்க்கப்படுத்தி 3ஆல் பெருக்கினால், அடுத்த பெருக்குத்தொகை அப்படியே வரவேண்டும். கல்லாவில் இருக்கிற பணமும் பில் புத்தகக் கூட்டலும் ராத்திரி ஒத்துப்போகவேண்டும் என்பது மாதிரி. ஒத்துப்போகவில்லையா, கடைசியாகச் சரியாக இருந்த இடத்துக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து மறுபடி. அரைகுறை ரேம் உள்ள மெஷினில்கூட நம்பகமான விடை வரும் என்றால் இதனால்தான். மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இது. மெனுவில் தேடினால் கிடைக்காது, உள்ளே சத்தமில்லாமல் நடக்கிறது.

ஆனால் பணம் கட்டுவது நாம். சாதனை எண் அளவு அடுக்குக்கு ஒரு வர்க்கத்துக்கு 10 மில்லிவிநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு எண்ணைச் சோதிக்கக் கிட்டத்தட்ட 16 நாள், இரவு பகலாக. பழைய பெட்டிகள் இதைவிட மெதுவாகத்தான் போகும். 150 வாட் இழுக்கிற பெட்டி என்றால் நாளைக்கு 3.6 யூனிட், இரண்டு மாத ஈ.பி. கணக்கில் 216 யூனிட். வீட்டு இணைப்பில் இலவசமாகக் கிடைக்கிற யூனிட் இதற்கே பத்தாது. 500ஐத் தாண்டும் வீடாக இருந்தால் கட்டண அடுக்கே ஏறும், அம்மா கரண்ட் பில்லை எடுத்து உங்கள் முகத்துக்கு நேரே காட்டுவார். கடை இணைப்பு என்றால் இலவச யூனிட் பேச்சே இல்லை. நான் ஓட்டுவது மார்கழி, தை மாசத்தில் மட்டும். அப்போது மெஷின் சூடு கடைக்கு ஒன்றும் கெடுதல் இல்லை.

அதோடு, சி.பி.யு. வைத்துத் தேடுகிறவர்களின் காலம் முடிந்துவருகிறது. 52ஆவது எண்தான் கிராபிக்ஸ் சிப்பில் சிக்கிய முதல் மெர்சென் பகா எண். அதற்கு ஓடியதும் பிரைம்95 அல்ல, ஜி.பி.யு.வுக்காக மிஹாய் பிரேடா தொடங்கிய ஜி.பி.யு.ஆவுல் என்ற வேறு நிரல். நல்ல கிராபிக்ஸ் கார்டு வைத்திருக்கும் கேமிங் தம்பிகள் அந்தப் பக்கம் போவதுதான் புத்திசாலித்தனம்.

பரிசுப் பணம் பற்றிக் கேட்பவர்கள் நிறைய. புது மெர்சென் பகா எண் கண்டுபிடித்தால் ஜிம்ப்ஸ் 3,000 டாலர் கொடுக்கிறது. டுராண்ட் வாடகைக்குச் செலவழித்ததோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. அதையும் தான் படித்த அலபாமா கணித, அறிவியல் பள்ளிக்குக் கொடுப்பதாகச் சொன்னார். பெரிய பரிசு எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமெரிக்க அமைப்பிடம் இருக்கிறது: 10 கோடி இலக்கப் பகா எண்ணுக்கு 1,50,000 டாலர். அதிலும் ஜிம்ப்ஸ் மூலம் கண்டுபிடித்தால் முழுதும் நம் கைக்கு வராது, பங்கு எப்படி என்று நிபந்தனையில் எழுதியிருக்கிறது, படித்துவிட்டு இறங்குங்கள். 10 கோடி இலக்கம் என்றால் அடுக்கு 33 கோடியே 21 லட்சத்தைத் தாண்டவேண்டும். ஒரு சோதனைக்கே ஆறு மடங்குக்கு மேல் வேலை. லாட்டரி வாங்குகிற நினைப்பில் யாரும் இதைப் போடாதீர்கள்.

"இந்த நம்பரை வெச்சுத்தானக்கா பேங்க் லாக் பண்றாங்க?" என்று கேட்பவர்களும் உண்டு. இல்லை. ரகசியத் தகவலைப் பூட்டும் ஆர்.எஸ்.ஏ. என்ற முறையில் பூட்டு 2048 பிட் என்றால் அதில் இருப்பது 300 சொச்சம் இலக்கம் கொண்ட இரண்டு பகா எண்கள், அதுவும் யாருக்கும் தெரியாதவை. நாலு கோடி இலக்கத்தில் ஊருக்கே தெரிந்த ஒரு எண்ணை வைத்து எதைப் பூட்டுவது?

குறைகளையும் சொல்லவேண்டும். முகப்பு நான் பள்ளிக்கூடம் படித்த காலத்து விண்டோஸ் மாதிரியே இருக்கும். தமிழ் கிடையாது. பிழை வந்தால் எந்தப் பாகம் காரணம் என்று சொல்லாது. அது மெக்கானிக்கின் ஊகத்துக்கு விட்டுவிடுகிறது. டார்ச்சர் டெஸ்ட் தேர்வுகளின் விளக்கம் ஆங்கிலத்தில் ஒரு வரிதான், முதல் தடவை பார்க்கிறவன் எதை அமுக்குவது என்று முழிப்பான். பதில் தெரிந்தவனுக்குத்தான் கேள்வி புரியும் என்கிற ரகம். லினக்ஸில் எம்பிரைம் என்ற பெயரில் வருகிறது, அதில் ஜன்னலே கிடையாது, எழுத்து மட்டும். ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். போன ஒரு மார்க் அந்த முகப்புக்கு.

ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ வேறெங்கோ செகண்ட் ஹேண்ட் பெட்டி வாங்கப் போகிறவர்கள், பில் போடுமுன் கடைக்காரரிடம் ஒரு அரை மணி நேரம் பிரைம்95 ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பெட்டியை நம்பி விற்கிறவர் சரி என்பார். "அதெல்லாம் எதுக்கு சார், ஓடுது பாருங்க" என்றால் விலையை மறுபடி பேசலாம்.

கேமிங் தம்பி ஒருவன் கேட்ட கேள்விக்குப் பதில் பாக்கி இருக்கிறது: "நம்ம மெஷின்ல மாட்டுனா நம்ம பேரு வருமாக்கா?" வரும். மிசௌரியில் பேராசிரியர் கர்ட்டிஸ் கூப்பர் பேர் இப்படித்தான் வந்தது, 2⁷⁴²⁰⁷²⁸¹ − 1 என்ற எண்ணுக்கு. மெஷின் அதைக் கண்டுபிடித்துச் சர்வருக்கு அனுப்பியது 2015 செப்டம்பரில். தகவல் மின்னஞ்சல் ஒரு கோளாறால் போகவில்லை. மனுஷர் ஒருவர் அதைக் கவனித்தது 2016 ஜனவரி 7ஆம் தேதி. கண்டுபிடித்த நாளாகப் பதிவானதும் அந்த ஜனவரி தேதிதான். தேடலில் இறங்குகிறவர்கள் ரிசல்ட் ஃபைலை வாரத்துக்கு ஒருமுறையாவது திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.